மிச்சக் காசு

ஆயிரம் ரூபாய்.
புதுத் தாள்கள் ஒட்டிக்கொண்டன என்று
முதலில் எனக்கே சொல்லிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை. நான்தான்
ஒரு தாள் குறைத்து எண்ணியிருந்தேன்.

ஜெஸீமா றோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்,
கையில் உம்மாவின் சீனி வருத்தக் குளிசைகள்.
பஸ் நிலையத்தில் மூதூர் மூதூர் என்று
கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்.
கூப்பிட்டால் கேட்கிற தூரம்.
கூப்பிடவில்லை.
இரவு கணக்கு முடிக்கையில்
மேலதிகமாய்க் கிடந்த தாள்
என் கைப்பைக்குள் போயிற்று,
வழி தெரிந்த பிள்ளைபோல.

அதன்பின் விடியற்காலைகள்.
சீமெந்துத் தரையில் முழங்கால்.
அழுதேன், நல்லாய்த்தான் அழுதேன்.
நான்காம் நாள்
அந்த அழுகை எனக்குப் பிடித்துப்போயிற்று.
அன்ரன் எழும்பித் தேத்தண்ணி கேட்கும்வரை
நானும் என் பாவமும்
கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்,
போக எழும்பும் விருந்தாளியை
இன்னும் கொஞ்சம் இரு என்று மறிப்பதுபோல.

அழ நேரமில்லாத நாட்களில் வேறு மருந்து.
கிருபை போதும் என்பேன்,
தண்ணீர்கூட இல்லாமல் பனடோல் விழுங்குவதுபோல்.
எட்டு மணிக்குப் பாமசி திறந்து
உறைகளில் எழுதுவேன்:
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.
எனக்கு எதில் எவ்வளவு என்று
எந்த உறையிலும் இல்லை.

கடை வாசலில் மான்கள்.
வெளியூர்க்காரர் படம் பிடிப்பார்கள்.
ஞாயிறு ஆராதனையில் நாங்கள் வாசிக்கிற மான்
நீரோடைக்குத் தவிக்கும்.
திருகோணமலை மான்
வாழைப்பழத் தோலோடு சேர்த்து
சொப்பிங் பையையும் மெல்லும்.
விரட்டினால் நாலடி போய் நின்று
திரும்பிப் பார்க்கும்.
அதற்கும் தாகம்தான்,
எதற்கென்று மறந்துவிட்டது.

போதகரிடம் சொல்வோமென்று
ஒரு வியாழன் டச்சுக்குடாக் கரையால் நடந்தேன்.
பாதியில் திரும்பினேன்.
மன்னிப்பைப் பற்றி அவர் அழகாகச் சொல்வார்,
கேட்டுவிட்டு வருவேன்,
காசு பைக்குள்ளேயே இருக்கும்.

இதற்கிடையில் இரண்டு திங்கள்
ஜெஸீமா வந்தாள், மருந்து வாங்கினாள்,
என் மகனின் இருமலை விசாரித்தாள்.

மூன்றாம் திங்கள்
தாளைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன்.
"அண்டைக்கு மிச்சம் குறையத் தந்திட்டன்"
என்று தொடங்கினேன்.
அது பாதிப் பொய்.
"தெரிஞ்சுதான் வச்சிருந்தனான்."

அவள் சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை.
"தெரியும்.
கிண்ணியாப் பாலத்துல வச்சி
எண்ணிப் பாத்த நான்."

தாளை எடுத்தாள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
பைக்குள் வைத்தாள்.
வேணாம், வச்சிக்கோ என்று சொல்லவில்லை,
அதற்காக இன்றும் அவளுக்கு நன்றி.
பிறகு மருந்துத் துண்டை நீட்டினாள்,
போன கிழமைபோலவே.

அப்படியென்றால் இரண்டு திங்களும்
மன்னிக்கப்பட்ட கையால்தான்
அவளுக்குக் குளிசை எண்ணியிருக்கிறேன்,
அறியாமலே.
அது என் ஆயிரத்துக்காகக் காத்து நிற்கவில்லை.
ஆனாலும் ஆயிரம் அவளுடையதுதான்.
இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைப்பதென்று
எனக்கு இன்னும் சரியாய்ப் பிடிபடவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால்
ஞாயிறு எழும்பிச் சாட்சி சொல்லியிருப்பேன்.
அன்றிரவே டெறிக்கை அறைந்தேன்,
கணக்குக் கொப்பியில்
தேத்தண்ணி ஊற்றியதற்கு.

விளக்கு அணைந்தபின் எழும்பினேன்.
முழங்கால் தன் பழைய இடத்தைத் தேடிற்று.
பிறகு, என்றேன் அதற்கு.
அவன் பாயருகே குனிந்து
"அம்மாவில பிழை" என்றேன்.
கேட்டானோ தெரியாது.
தூக்கத்திலேயே கொஞ்சம் தள்ளிப் படுத்தான்,
ஓர் ஆள் அளவுக்கு.

படுத்தேன்.
வெளியே மான்கள்
குப்பை வாளியை உருட்டிக்கொண்டிருந்தன.